பழைய ராணுவ லாரியை மீட்டெடுக்க: முதலில் பிரேக், கடைசியில் பெயிண்ட்

லாரியை டிரெய்லரிலிருந்து இறக்கிய அன்று வந்து பார்த்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் என்னிடம் அதையேதான் கேட்கிறார்கள். ஆறு டன் எடையுள்ள வண்டி ஓடுவதற்கு முன்னால் ஒழுங்காக நிற்க வேண்டும், அது நிற்கும் என்று நமக்கு நம்பிக்கை வந்தபிறகு கலரைப் பற்றிப் பேசலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையில்தான் போகும்.

நான் சொல்லப்போவது எம்35ஏ2 என்ற அமெரிக்க ராணுவ லாரியைப் பற்றி. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் இங்கே இதை 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்பார்கள், சுருக்கமாக டியூஸ். நான் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் இருந்த ரியோ கம்பெனி 1950 வாக்கில் இதன் முதல் வடிவத்தைச் செய்தது. பிறகு கைசர் ஜீப், ஏஎம் ஜெனரல் என்று பல கைகள் மாறி, எண்பதுகள் வரை வந்துகொண்டிருந்தது. ஏராளமாகச் செய்யப்பட்ட வண்டி என்பதால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. நாமக்கல்லில் அப்பாவின் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த எனக்கு, பானெட்டைத் திறந்ததும் பாதிக்குமேல் தெரிந்த முகமாகத்தான் இருந்தது.

இன்ஜினைப் பற்றி ஒரு சின்ன விஷயம், நம்மவர்களுக்குப் பிடிக்கும். 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டீசல் உட்படப் பல எரிபொருளில் ஓடும்படி செய்த இன்ஜின் இது. அதற்குள் எரிபொருள் எரியும் முறை ஜெர்மனியின் மான் கம்பெனியிடமிருந்து வந்தது. நம் ராணுவத்தின் சக்திமான் லாரியும் அதே மான் கம்பெனியின் உரிமத்தில் ஜபல்பூரில் செய்யப்பட்டதுதான். சின்ன வயதில் ரோட்டோரம் நின்று கைகாட்டிய வண்டிக்கு இது தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாங்கப் போகும்போது

முதலில் இடம். வண்டி 22 அடிக்கு மேல் நீளம், அதைச் சுற்றி வேலை செய்ய நாலு பக்கமும் ஆள் நடக்க வேண்டும், கீழே கெட்டியான கான்கிரீட் தரை வேண்டும். குடியிருப்போர் சங்க விதி, நகராட்சி விதி இரண்டையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பல குடியிருப்புகளில் இந்த அளவு வண்டியை வாசலில் நிறுத்தவே விடமாட்டார்கள்.

விற்பவரிடம் போன் பேசும்போதே ஒன்று சொல்லிவிடுங்கள்: "நான் வருவதற்கு முன்னால் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள்." குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதைப் பார்த்தால்தான் அதன் உடம்பு தெரியும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவுக்கோட்டுக்கு மேலே ஆயில் நின்று டீசல் வாடை அடித்தால் எரிபொருள் எங்கோ உள்ளே கலக்கிறது. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கத்தையும் பாருங்கள், டயர் சுவரில் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் ஹப் சீல், அதாவது சக்கர மையத்தில் எண்ணெயை அடைத்துவைக்கும் வளையம், போய்விட்டது, அந்தச் சக்கரத்தின் பிரேக் லைனிங்கும் எண்ணெயில் ஊறியிருக்கும் என்று அர்த்தம். இது வண்டியை வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஆகாது, விலை பேசக் காரணம் ஆகும்.

துரு இந்த வண்டியில் போய் உட்காரும் இடங்கள்: பயணி பக்கக் கதவுக்குக் கீழே இருக்கும் பேட்டரிப் பெட்டி, கேபின் தரை, கேபினின் பின்மூலைகள். இவற்றை வெட்டி ஒட்டிவிடலாம். ஃபிரேமில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படும் இடத்தில் துரு உப்பித் தள்ளியிருந்தால், முதல் வண்டி வாங்குகிறவர் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பது நல்லது. டயர் சுவரில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் தயாரித்த வாரமும் வருஷமும் இருக்கும். நான்கு இலக்கம் என்றால் 2000க்குப் பிந்தையது, மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அதற்கு முந்தையது. தரையில் படும் பட்டன் புதிதுபோல இருந்தாலும் மூன்று இலக்க டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. மொத்தம் பத்து டயர், கூட ஒரு ஸ்டெப்னி, இந்தக் கணக்கையும் விலையில் சேருங்கள்.

காகிதம். ராணுவம் நேரடியாக ஏலத்தில் கழித்துவிட்ட வண்டிக்கு எஸ்எஃப்-97 என்ற சான்று வரும், அதை வைத்துத்தான் மாநிலத்தில் உரிமைப் பத்திரம் வாங்க வேண்டும். ராணுவத்துக்காகச் செய்த வண்டி என்பதால் சாதாரண வண்டிகளுக்கான மத்தியப் பாதுகாப்புத் தர விதிகள் இதற்குப் பொருந்தாது. அதையே காரணமாகச் சொல்லிச் சில மாநிலங்கள் ரோட்டில் ஓட்டப் பதிவு தர மறுக்கின்றன, சில மாநிலங்கள் வரலாற்று வண்டி என்று சந்தோஷமாக எண் கொடுக்கின்றன. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மாநில அலுவலகத்தில் கேளுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் தகட்டு எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமம் பற்றி எல்லோரும் பயப்படுவார்கள். சுமையோடு சேர்த்து அனுமதித்த எடை 26,001 பவுண்டுக்குக் கீழே என்பதால் டிரெய்லர் இழுக்காதவரை பெரும்பாலும் வணிக உரிமம் தேவைப்படாது, ஆனாலும் இதையும் அதே அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். விற்பவர் "நேற்றுகூட ஓட்டினேன், நல்லா இருக்கு" என்று சொல்வார், உண்மையாகவும் இருக்கலாம். தாழ்வான டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

முதல் ஒரு மாதம்

எதையும் கழற்ற வேண்டாம். இதைச் சொன்னால் ஆர்வமாக இருப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் முழுசாகப் பிரித்துப் போட்ட வண்டிகள்தான் டப்பா டப்பாவாக, எது எங்கே போகும் என்று தெரியாமல், பாதி விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. ஒரு நேரத்தில் ஒரு பகுதி, அதை முடித்து மாட்டி, வண்டி எப்போதும் முழு வண்டியாக நிற்க வேண்டும். எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது, அந்த இரண்டு வருஷமும் வண்டி ஆறு அச்சுமுனையிலும் சக்கரத்தோடுதான் நின்றது, அப்போது வேலை நடந்த ஒரு முனையைத் தவிர.

ராணுவம் இந்த வண்டிக்கு எழுதிய தொழில்நுட்பக் கையேடுகளைத் தேடி எடுங்கள். டிஎம் 9-2320-361 என்ற வரிசை, அதில் 10 என்று முடிவது ஓட்டுபவருக்கு, 20 என்று முடிவது பட்டறைக்காரருக்கு. அரசு ஆவணம் என்பதால் யார் வேண்டுமானாலும் இறக்கி அச்செடுக்கலாம். பதினெட்டு வயசுப் பையன் ஒருவன், லாரியையே பார்த்திராதவன், படித்து வேலை செய்ய வேண்டும் என்று நினைத்து எழுதிய புத்தகம் இது. படம் போட்டு, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லி, புதியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

வண்டியை நன்றாகக் கழுவுங்கள், எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், ஒவ்வொரு குழாயும் ஒயரும் போகும் வழியைப் படம் எடுங்கள். கிரீஸ் நிப்பிள்களை எண்ணி எண்ணி, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடியுங்கள். நிப்பிளைத் தேடித் தேடிப் படுத்து எழுந்ததில்தான் வண்டியின் அடிப்பகுதி எனக்கு மனப்பாடம் ஆனது. கருவியில் ஒன்று நினைவில் இருக்கட்டும், இந்த வண்டியில் எல்லாமே அங்குலக் கணக்கு. நம் ஊரிலிருந்து கொண்டுவந்த 14, 17 ஸ்பேனர் எதுவும் உதவாது. 20 டன் பாட்டில் ஜாக்கி ஒன்று, 12 டன் தாங்கும் ஸ்டாண்டுகள், தடித்த மரக்கட்டைகள், முக்கால் அங்குல சாக்கெட் செட், நீளமான குழாய் ஒன்று, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். இதில் ஜாக்கியும் ஸ்டாண்டும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

கை பிரேக், பிறகு கால் பிரேக்

இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும், அதனால் நானும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எம்35ஏ2வின் பிரேக் காற்றும் திரவமும் சேர்ந்தது. நீங்கள் மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும், நடுவில் ஏர்பேக் என்ற உருளை (கார்களில் விரியும் காற்றுப்பை இல்லை) காற்றழுத்தத்தால் அந்தத் தள்ளலைப் பல மடங்காக்கி ஆறு முனைக்கும் அனுப்பும். நல்ல அமைப்புதான். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று, திரவம் போகும் வழியும் ஒன்றே ஒன்று. இன்றைய கார்களில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரண்டு வழி இருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இங்கே ஏதாவது ஓர் இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் ஆறு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

எனக்கு அது நடந்தது. நல்லவேளை, வீட்டு முற்றத்துக்குள். வண்டியைப் பத்தடி பின்னால் எடுத்து நிறுத்த மிதித்தேன், பெடல் ஒரு நொடி தாங்கியது, அப்புறம் சேற்றில் கால் வைத்ததுபோல மெதுவாகத் தரைவரை போய்விட்டது. கை பிரேக்கை இழுத்தேன், நின்றது. இறங்கிப் பார்த்தால் பின் அச்சின்மேல் ஓடும் இரும்புக் குழாய், அதைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப்புக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், துருவில் இற்றுப்போயிருந்தது. பார்க்கும் இடமெல்லாம் பளிச்சென்று இருந்த அதே குழாய். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், அந்த உப்பு கிளிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் முதலில் கை பிரேக். அது தனி, திரவத்துக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லாதது, இன்ஜின் சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு ட்ரம்மைப் பிடிக்கும். லீவரின் உச்சியில் இருக்கும் குமிழைத் திருகினால் இறுக்கம் கூடும். அது போதாவிட்டால் கீழே படுத்துச் சரிசெய்ய வேண்டும். சம தரையில், கை பிரேக்கை இழுத்துவைத்து, கியரில் போட்டு மெதுவாக கிளட்சை விட்டால் இன்ஜின் திணற வேண்டும். அந்த அளவுக்குப் பிடிக்கும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

அடுத்து, திரவக் குழாய்கள் அத்தனையும் மாற்றுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைக்கிறது, கையாலேயே வளைக்கலாம், துரு பிடிக்காது. ரப்பர் ஹோஸ்களும் புதிது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடிக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிறது, யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதுவும் புதிது. ஏர்பேக்கை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதுப்பித்து வாங்கிவிடுங்கள்.

இனி சக்கர முனை. வலதோ இடதோ, ஒரே ஒரு முனையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்குவதற்கு முன்பே நட்டைத் தளர்த்த வேண்டும், இதில்தான் புதியவர்கள் போல்ட்டை முறிக்கிறார்கள்: இந்த வண்டியில் இடது பக்கச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். நான் தினமும் பார்க்கிறேனே என்று நினைக்காமல், இடது பக்க ஃபெண்டரின் உட்புறம் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வையுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம், உள்சக்கரத்தை ஒரு குப்பி நட்டும் அதன்மேல் வெளிச்சக்கரத்தை இன்னொரு நட்டும் பிடித்திருக்கும். திரும்ப மாட்டும்போது வெளிநட்டைத் தளர்த்தி உள்நட்டை இறுக்கி, பிறகு வெளிநட்டை இறுக்க வேண்டும், ஒவ்வொன்றாக.

அச்சுத்தண்டின் தலையில் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் தண்டு முழுசாக உருவிக்கொண்டு வரும், கூடவே கியர் ஆயிலும் கொஞ்சம் ஒழுகும், தட்டு வையுங்கள். உள்ளே பூட்டு வாஷர் மடக்கிய பெரிய நட்டு தெரியும், அதற்கென்று மூன்று அங்குல சாக்கெட் தனியாக வாங்க வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றின தடம் என் வண்டியில் மூன்று முனையில் இருந்தது. அதைச் செய்யாதீர்கள், மரை நாசமாகிவிடும். ஹப்பும் ட்ரம்மும் சேர்ந்தே வெளியே வரும், ஒருவரால் தூக்க முடியாத கனம், சக்கர வண்டி ஒன்றைக் கீழே கொடுத்து இழுங்கள்.

உள்ளே தெரிகிற தூளை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம், அது நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பேரிங்குகளை டீசலில் கழுவி வெளிச்சத்துக்கு நேரே மெதுவாக உருட்டிப் பாருங்கள். உருளைகள் வெள்ளி போலப் பளபளவென்று இருந்தால் சரி, நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது, ஊசி குத்தினமாதிரி புள்ளி இருந்தால் தண்ணீர் பட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும். கிரீஸை உள்ளங்கையில் எடுத்து பேரிங்கை அதில் அமுக்கி அமுக்கி, மறுபக்கம் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை ஏற்றுங்கள். அப்பா பட்டறையில் எனக்கு முதன்முதலில் தந்த வேலை இதுதான், இன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். வீல் சிலிண்டர், சீல் இரண்டும் புதிது போட்டு, பெரிய நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கே இறுக்கி மூடுங்கள். இதே மாதிரி இன்னும் ஐந்து முனை. முதல் முனைக்கு எனக்கு ஒரு வாரக்கடைசி முழுக்க ஆனது, ஆறாவது முனை மதியத்துக்குள் முடிந்தது.

திரவத்தில் கவனம். ராணுவம் எண்பதுகளில் சிலிக்கோன் வகைக்கு மாறியது, டாட் 5 என்பார்கள், ஊதா நிறம். சாதாரண டாட் 3 உடன் இதைக் கலக்கவே கூடாது. வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் வடித்துக் கழுவிவிட்டு ஒன்றை மட்டும் ஊற்றுங்கள். சிலிக்கோன் ஊற்றும்போது டப்பாவைக் குலுக்காமல் மெதுவாக ஊற்றுங்கள், அதில் குமிழி பிடித்தால் சீக்கிரம் போகாது. முதலில் ஏர்பேக்கில் திரவத்துக்குள் சிக்கிய காற்றை எடுத்து, பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து கிட்டத்துச் சக்கரம் வரை எடுங்கள். மிதிக்க ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். என் மகள் மிதித்தாள். "மிதி, பிடி, விடு" என்று மூன்று சொல்லிலேயே அன்று முழுக்கப் பேசிக்கொண்டோம்.

சக்கர ரிம்மில் இருக்கும் ஆபத்து

நம் ஊர் லாரி டயர் கடைகளில் பார்த்திருப்பீர்கள், டியூப் டயரின் ரிம்மில் வெட்டுள்ள ஓர் இரும்பு வளையம், லாக் ரிங் என்பார்கள். இதிலும் அதேதான். வளையம் சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் அது பீரங்கிக் குண்டுபோலத் தெறிக்கும், எதிரே நின்ற ஆள் பிழைப்பது கஷ்டம். டயர் மாற்றும் வேலையை நீங்களே செய்ய நினைக்காதீர்கள். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் லாரி டயர் கடைக்குக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். வளையம் துருவில் மெலிந்திருந்தால் வெல்டு வைக்காமல் தூக்கிப் போடச் சொல்லுங்கள். வண்டியில் மாட்டியிருக்கும் டயர் சொன்ன அளவில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ காற்றோடு ஓடியிருந்தால் அப்படியே காற்று ஏற்றக்கூடாது, முழுக்க இறக்கிக் கழற்றிப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இது இங்கே தொழிலாளர் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது.

இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்வது

வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்கை வடித்துக் கழுவுங்கள். மூன்று எரிபொருள் ஃபில்டர்களையும் மாற்றுங்கள். ஆயில் 15டபிள்யூ-40, ஐந்து காலனுக்கு மேல் பிடிக்கும். பல எரிபொருளில் ஓடும் இன்ஜின்தானே என்று பழைய ஆயிலையும் கண்டதையும் கலந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல டீசல் ஊற்றுங்கள், பம்புக்கு அதுதான் நல்லது.

நீண்ட நாள் நின்ற இன்ஜெக்ஷன் பம்பில் உள்ளே இருக்கும் நகரும் பாகம் முழு எரிபொருள் நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் ஸ்டார்ட் ஆன நொடியே இன்ஜின் அலறிக்கொண்டு ஏறும், நிறுத்துகிற குமிழை இழுத்தாலும் நிற்காது. டீசல் இன்ஜினை நிறுத்த மின்சாரத்தை வெட்டிப் பயனில்லை, காற்றை வெட்ட வேண்டும். ஆகவே காற்று உள்ளே போகும் வாயின் அளவுக்கு ஒரு பலகையை வெட்டி, ரப்பர் ஒட்டி, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையால் பொத்த நினைக்கக்கூடாது, இழுத்துவிடும். முதலில் நிறுத்துகிற குமிழை இழுத்துவைத்தபடியே செல்ஃப் அடித்து, ஆயில் அழுத்த முள் எழும்பும்வரை சுற்றவிடுங்கள், விட்டுவிட்டு அடியுங்கள், மோட்டார் சூடாகாமல். பிறகு குமிழை உள்ளே தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள். என் வண்டியில் பலகைக்கு வேலை வரவில்லை. வெள்ளைப் புகை விட்டு, இருமி, அப்புறம் டர்போ விசில் அடிக்க ஆரம்பித்தது, அந்த விசிலுக்காகவே இந்த வண்டியை வாங்குகிறவர்கள் உண்டு. நிறுத்தும்போது உடனே நிறுத்தாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள், டர்போ ஆறட்டும்.

ஒயரிங்

இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக, மொத்தம் 24 வோல்ட். மோதிரம், வாட்ச் கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள். ரேடியோவுக்கு 12 வோல்ட் வேண்டுமென்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், ஒன்று வடிந்து மற்றது கொதிக்கும், குறைக்கும் கருவி ஒன்று வாங்கிப் போடுங்கள். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் எண் பொறித்த சின்ன உலோகப் பட்டை இருக்கும், கையேட்டிலும் அதே எண். அந்தப் பட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். விளக்கு சுவிட்சில் மூன்று லீவர் இருப்பதைப் பார்த்துப் பலரும் விளக்கு எரியவில்லை என்று ஒயரைப் பிடுங்க ஆரம்பிக்கிறார்கள். பூட்டுத் திறக்கும் சின்ன லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால்தான் பெரிய லீவர் சாதாரண விளக்குக்கு நகரும், இருட்டில் எதிரிக்குத் தெரியாமல் போகும்போது கை தவறிப் பெரிய விளக்கு எரிந்துவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இப்போது பெயிண்ட்

வண்டி ஓடுகிறது, நிற்கிறது. இனி கலர் பேசலாம்.

சுரண்டுவதற்கு முன்னால் முகமூடி. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், எண்பதுகளுக்குப் பிந்தைய ரசாயனத் தடுப்புப் பூச்சில் நுரையீரலைக் கெடுக்கும் பொருட்கள் உண்டு. அந்தவகைப் பூச்சை வீட்டில் ஸ்பிரே அடிக்கவே கூடாது, சாதாரண எனாமலிலேயே ராணுவ நிறங்கள் கிடைக்கின்றன. வியட்நாம் காலம் என்றால் 24087 என்ற எண்ணுள்ள ஆலிவ் பச்சை, அரைப் பளபளப்பு. எண்பதுகள் என்றால் 383 என்ற பச்சையோடு பழுப்பும் கறுப்பும் கலந்த மூவண்ணம். உங்கள் வண்டி எந்த வருஷத்தில் வேலை செய்தது என்று பார்த்து அதற்குரியதை அடியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பம்பரையும் கதவையும் மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள். 400 நம்பர் தண்ணீர்க் காகிதத்தை நனைத்து, கையால், வட்டமாக, ஒரு படலம் ஒரு படலமாகத் தேயுங்கள். என் பம்பரில் மூவண்ணம் போய், அடியில் ஒரு பச்சை போய், அதற்கும் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அரைமணி நேரத்தில் ஓர் எழுத்து, அப்புறம் ஓர் எண், யூனிட்டின் பழைய அடையாளம். அந்த எழுத்தை ஸ்டென்சில் வைத்து அடித்த கை யாருடையதோ. இந்த வகை லாரிகளில் இருந்தவர்களின் கதை லேசானது இல்லை. 1967 செப்டம்பர் 2 அன்று வியட்நாமில் ஆன் கே அருகே 19ஆம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி வரிசை தாக்கப்பட்டபிறகு, அந்த டிரைவர்களே சுமை லாரிகளில் மணல் மூட்டையும் மரப்பலகையும் துப்பாக்கியும் கட்டி, மற்ற லாரிகளுக்குக் காவலாக ஓட்டினார்கள். கிடைத்த அடையாளத்தைப் படம் எடுத்து, டிரேசிங் காகிதத்தில் வரைந்துவைத்து, புது பெயிண்டின்மேல் அதே இடத்தில் அதே அளவில் திரும்ப எழுதுங்கள். கற்பனையாக ஒரு யூனிட் பெயரை எழுதுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அடையாளத்தைப் படிக்க, பாகம் தேட, ஆள் பழக, ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கத்தில் சேருங்கள். எம்விபிஏ என்பார்கள், 1976இல் தொடங்கியது, மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் நகரில் இருக்கிறது. 1919இல் அமெரிக்க ராணுவ வண்டிகள் வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை போன பாதையில், 2009இல் இந்தச் சங்கத்தார் பழைய வண்டிகளிலேயே திரும்பப் போய்க் காட்டினார்கள்.

முதல் பத்து மைல்

பவர் ஸ்டியரிங் கிடையாது, நின்ற இடத்தில் திருப்ப முயலாமல் உருளும்போது திருப்புங்கள். கியர் மாற்ற கிளட்சை இரண்டுமுறை மிதிக்கும் பழைய முறைதான். காற்றழுத்தம் ஏறாமல் பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும்வரை வண்டியை அசைக்காதீர்கள். மணிக்கு 45, 50 மைல் போதும், முன்னால் போகும் காருக்கு நீங்கள் விடும் இடைவெளி உங்களுக்கே அதிகம் என்று தோன்ற வேண்டும்.

பத்து மைல் போனதும் ஓரமாக நிறுத்தி, கை பிரேக் போட்டு, கட்டை வைத்துவிட்டு இறங்கி, ஆறு ஹப்பையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே சுற்றி வாருங்கள். எல்லாம் இளஞ்சூடாக ஒரே மாதிரி இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அங்கே பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் இறுக்கம் அதிகம், மெதுவாக வீட்டுக்குத் திருப்பி அந்த முனையைத் திறங்கள். ஐம்பது மைல் ஆனதும் சக்கர நட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், இடது பக்கம் தலைகீழ் மரை. வீட்டுக்கு வந்ததும் ஏர் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, கீழே ஒரு அட்டையை விரித்துவைத்துப் படுக்கப் போங்கள். காலையில் அட்டையில் எந்த இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று பார்த்தால் அடுத்த சனிக்கிழமை வேலை என்ன என்று தெரிந்துவிடும்.